நூடெலிக்கு ஒரு வீடு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. தீசிஸ், பரீட்சைன்னு சாக்கு சொல்லலாம். ஆனா உண்மையான காரணம் வேற. சில மாசமா என் அறையில இன்னொரு ஜீவன் குடியிருக்கு. நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, நிறம் ஆரஞ்சு, கால் கிடையாது. ஆமா, பாம்புதான். யாரும் ஓட வேண்டாம், விஷமில்லாதது :-)

அம்மாவுக்குப் போன வாரம்தான் விஷயத்தைச் சொன்னேன். அதனாலதான் இப்ப தைரியமா எழுதறேன்.

கதை இதுதான். சூரிக்ல எங்க ஃபிளாட்டில் மூணு பேர். அதுல ஒரு சுவிஸ் பொண்ணு, அக்டோபர்ல ஆறு மாச வேலைப் பயிற்சிக்காக வெளிநாடு கிளம்பினாள். அவளோட பாம்பைப் பார்த்துக்க ஆள் வேணும். மூணாவது ஆள் "எனக்கு அலர்ஜி" என்று சொல்லித் தப்பிச்சுட்டான் (பாம்புக்கு அலர்ஜியா? கேட்டா முறைக்கிறான்). மிச்சம் இருந்தது அடியேன்.

பாம்பு கார்ன் ஸ்நேக். ஜெர்மன்ல கோர்ன்நாட்டர். சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. வளர்ந்தா 4 அடி, சில சமயம் 5 அடி வரும். ஒழுங்கா வச்சுக்கிட்டா 15, 20 வருஷம் இருக்கும். அவள் வச்ச பேர் நூடெலி, அதாவது குட்டி நூடுல்ஸ். சுவிஸ்காரங்க எல்லாத்துக்கும் வால்ல ஒரு 'லி' ஒட்டிச் செல்லமாக்கிடுவாங்க. இந்த ஊர் பாஷையில் 'மியூஸ்லி'ன்னா குட்டி எலி, 'மியூயெஸ்லி'ன்னா காலையில சாப்பிடற ஓட்ஸ் சமாச்சாரம். எங்க வீட்டு ஃப்ரீஸர்ல இப்ப முதல் வகை ஒரு டப்பா இருக்கு, நான் ஊர்ல இருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைக்குப் பக்கத்துல. தப்பான டப்பாவைத் திறந்த ராத்திரியைப் பத்தி இன்னொரு நாள் சொல்றேன்.

நூடெலி இருந்தது 60 செ.மீ. நீளக் கண்ணாடிப் பெட்டியில். குட்டியா இருந்தப்ப வாங்கினது, இப்ப உடம்பு பெட்டியைவிட நீளமாயிடுச்சு. சுவிட்சர்லாந்துல இதுக்கெல்லாம் சட்டம் உண்டு மக்களே! 2008-ல வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள்ல பாம்புப் பெட்டியோட அளவை அந்தப் பாம்பின் நீளத்தை வச்சே கணக்குப் பண்ணியிருக்காங்க. பாம்பு வளர வளர வீடும் வளரணும். விஷப்பாம்பு, 3 மீட்டருக்கு மேல வளர்ற பெரிய பாம்பு இதுக்கெல்லாம் கேன்டன் அனுமதி வாங்கணும். நம்ம ஆளுக்கு அது தேவையில்லை, பெரிய பெட்டி மட்டும் போதும். கிளம்பற அவசரத்துல அவள் பணத்தைக் கொடுத்துட்டு, "நீதான் இன்ஜினியராச்சே, ஒரு நல்ல டெரேரியம் ரெடி பண்ணிடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாள். இன்ஜினியர்னு சொன்னதும் எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. பின்னாடி வந்த வினையெல்லாம் அந்த ஒரு வார்த்தையால.

பழைய சாமான் விக்கிற டுட்டி தளத்துல தேடினேன். வின்டர்தூர்ல ஒருத்தர் மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரத்துல ஒண்ணு வச்சிருந்தார். முன்பக்கம் தள்ளித் திறக்கிற கண்ணாடிக் கதவு. கீழே முன்னாடி ஒரு காற்றுத் துவாரப் பட்டை, மேலே பின்னாடி ஒண்ணு. சூடான காத்து மேல போக, கீழ இருந்து புதுக் காத்து உள்ளே வரும். நம்ம ஊர்ப் பழைய சமையலறைப் புகைக்கூண்டு வேலை செய்யற அதே தத்துவம். எல்லாம் சரி, 25 கிலோவுக்கு மேல கனக்கிற கண்ணாடியை ரயில்ல எப்படிக் கொண்டு வர்றது?

அட்லிஸ்வில் முருகன் கோயில்ல பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வேன் கொண்டு வந்தார். என்ன பெட்டின்னு நான் முதல்ல சொல்லலை. பாதி வழியில சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம ஓட்டினார்.

"பாம்புக்கோ தம்பி இந்த வீடு?"

"ஆமாண்ணை."

"உள்ளுக்கு ஹீட்டரும் போடுவியோ?"

"போடணும். இல்லாட்டி செத்துடும்."

"நான் 85-ஆம் ஆண்டு இஞ்ச வந்திறங்கேக்க ஒரு நல்ல ஜாக்கெட்டும் இல்லை. எனக்கு ஒருத்தரும் ஹீட்டர் போட்டுத் தரேல்லை பார்" என்று சொல்லிட்டுச் சிரிச்சார். ஆனா பெட்டியை மூணு மாடி தூக்கி வச்சுட்டுத்தான் போனார். டீ குடிச்சிட்டுப் போங்கன்னு சொன்னேன். "பாம்பு இருக்கிற வீட்டில நான் ஒண்டும் குடிக்கமாட்டன்"னுட்டார்.

இனி சூடு. பாம்பை 'குளிர் ரத்தப் பிராணி'ன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமில்லையா, அது பாதிப் பொய். மத்தியான வெயில்ல நம்ம ஊர் வரப்புல கிடக்கிற சாரையோட ரத்தம் உங்க ரத்தம் அளவுக்குச் சூடா இருக்கும். விஷயம் என்னன்னா, அது தன் சூட்டைத் தானே உண்டாக்க முடியாது, வெளியில இருந்து வாங்கிக்கணும். ஜீரணம், நோய் எதிர்ப்பு, ஓட்டம் எல்லாமே அந்தச் சூட்டை நம்பித்தான். எலியை முழுங்கிட்டுக் குளிர்ல கிடந்தா வயித்துக்குள்ளேயே எலி அழுகிடும்.

இதைப் படிச்சதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. ஜன்னலுக்கு வெளியே 3 டிகிரி. அதுவும் இந்த ஊர்ல குளிர்காலத்துலயும் தினம் ரெண்டு மூணு தடவை ஜன்னலை முழுசாத் திறந்து காத்தோட்டம் விடணும், இல்லேன்னா சுவத்துல பூஞ்சை பிடிக்கும். பாவம் பாம்பு, வெப்ப தேசத்துக்காரன் என்னாலயே தாங்க முடியலையேன்னு, ஒண்ணுக்கு ரெண்டா ஹீட் மேட் வாங்கினேன். தட்டையா ரப்பர் பாய் மாதிரி இருக்கும், பெட்டிக்கு அடியில வைக்கிறது. ஜெர்மனியில இருந்து வரவழைச்சா மலிவுன்னு வரவழைச்சு, பிளக் சுவிஸ் சாக்கெட்டுக்குள்ள போகலைங்கிற ஞானமும் கிடைச்சுது. அடாப்டர் வாங்கினதுல மிச்சம் பிடிச்ச காசு போச்சு.

ரெண்டு மேட்டையும் போட்டு அடித்தளம் முழுக்க மூடினேன். தெர்மோஸ்டாட்டை 31-ல வச்சேன். மேல ஆஸ்பென் மரச்சீவல் பரப்பி, ஒளிஞ்சுக்க ஒரு மரப்பட்டை, பெரிய தண்ணிக் கிண்ணம். மறுநாள் வெப்பமானியைப் பெட்டியோட நாலு மூலையிலயும் வச்சுப் பார்த்தேன். எங்கேயும் 30, 31. ஒரு டிகிரி வித்தியாசம்கூட இல்லை. நான் படிச்ச வெப்பவியல் வீண் போகலைன்னு எனக்கு நானே கை குலுக்கிக்கிட்டேன். நூடெலியை உள்ளே விட்டேன். நாலு நாள் கழிச்சு ஒரு எலியும் கொடுத்தேன். கபக்னு முழுங்கினாள்.

அடுத்த நாள் அவள் தண்ணிக் கிண்ணத்துக்குள்ள சுருண்டு கிடந்தாள். அட, குளியல் போடறாளேன்னு போட்டோ எடுத்து அனுப்பினேன். அதுக்கடுத்த நாளும் கிண்ணத்துலதான். மூணாம் நாள் காலையில அறையில ஒரு நாத்தம். பெட்டிக்குள்ள பாதி கரைஞ்ச எலி வெளியில கிடந்துச்சு. கக்கிட்டாள்.

பாம்பு ஒரு தடவை கக்கறது பெரிய ஆபத்தில்லை. ஆனா ஜீரண அமிலமும் சேர்ந்து வெளியில வர்றதால உணவுக்குழாய் புண்ணாயிடும். திரும்பத் திரும்ப நடந்தா உடம்பு தேறாது, செத்தே போகலாம். கை நடுங்கிக்கிட்டே தோழிக்கு போன் போட்டேன். திட்டுவாள்னு நினைச்சேன். திட்டலை. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அவளுக்குச் சூடு போதும்னு தோணினா, எங்கே போவாள்?"

அப்பதான் உறைச்சுது. பெட்டி முழுக்க 31 டிகிரின்னா, அது வீடு இல்லை, அடுப்பு. குளிர்ச்சியா இருந்த ஒரே இடம் அந்தத் தண்ணிக் கிண்ணம்தான். அவள் குளிக்கலை, தப்பிச்சுக்கிட்டிருந்தாள். அதைத்தான் நான் அழகாப் போட்டோ எடுத்தேன்.

அன்னைக்கே பெட்டியைக் காலி பண்ணி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். ஒரு மேட்டைத் தூக்கியாச்சு. மிச்சம் ஒண்ணு, தரையில மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம, ஒரு ஓரத்துல மட்டும். பெட்டிக்கு அடியில நாலு மூலையிலும் சின்ன ரப்பர் கால் வச்சேன். கண்ணாடி மேட் மேல அப்படியே உட்கார்ந்தா சூடு அடைபட்டு விரிசல் விடும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட்டுக்கு நேர் மேலே, பாம்பு இழுக்க முடியாதபடி பொருத்தினேன். அது நகர்ந்து குளிர்ப் பக்கம் போயிட்டா, பெட்டி குளிர்ந்திருக்குன்னு நினைச்சு மேட் விடாம எரியும். பாம்புக்கு அடிவயிறு வேகறது சட்டுனு உறைக்காது. சூட்டுலயே படுத்திருந்து புண்ணாகும். பின்பக்கமும் ரெண்டு பக்கவாட்டும் கார்க் தகடு ஒட்டினேன், கண்ணாடி வழியா சூடு ஓடாம இருக்க.

இப்ப சூடான ஓரம் 30, குளிர்ந்த ஓரம் 23. ராத்திரி அறையோட சேர்ந்து 20 வரைக்கும் இறங்கும், அதுவும் நல்லதுதான். காட்டுலயும் ராத்திரி குளிரத்தானே செய்யும். மறைவிடம் ஒண்ணு இல்லை, ரெண்டு. இது முக்கியம். சூட்டுப் பக்கம் மட்டும் மறைவு இருந்தா, பாம்பு பயத்துக்காக அங்கேயே வெந்துக்கிட்டு இருக்கும். பாதுகாப்பா, சௌகரியமான சூடான்னு அதை யோசிக்க வைக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் ரெண்டும் இருக்கணும். மேட் வெறும் 20 வாட். நாள் முழுக்க எரிஞ்சாலும் அரை யூனிட்கூட ஆகாது (கரண்ட் பில் பத்திக் கவலைப்பட்ட மூணாவது ஆளின் கவனத்துக்கு).

கக்கின பாம்புக்குக் குறைஞ்சது ரெண்டு வாரம் சாப்பாடு தரக் கூடாது. தொடக் கூடாது. பார்த்துக்கிட்டு இருக்கிறதைத் தவிர வேற வேலை இல்லை. அந்த ரெண்டு வாரத்துல ஊர் ஞாபகம் நிறைய வந்துச்சு.

ஆறாவது படிக்கும்போது செங்கல்பட்டுப் பக்கம் எங்க தாத்தா வீட்டுப் புழக்கடையில, செங்கல் குவியலுக்குள்ள ஒரு பாம்பு போறதை முதல்ல பார்த்தது நான். "பாம்பு!"ன்னு கத்தினேன். அஞ்சு நிமிஷத்துல தடியோட நாலு பேர் வந்துட்டாங்க. அடிச்சுப் போட்டப்புறம் ஒரு பெரியவர் புரட்டிப் பார்த்துட்டு, "சாரைடா இது. எலி பிடிக்க வந்திருக்கும்"னார். யாரும் ஒண்ணும் சொல்லலை. ஆறடிக்கு மேல இருந்துச்சு. சாரை நல்ல பாம்போட ஜோடின்னு பாட்டி சொல்லும், இன்னொண்ணு தேடி வரும்னு ஒரு வாரம் புழக்கடைப் பக்கமே போகலை. உண்மையில ரெண்டும் வேற வேற குடும்பம். விஷமில்லாத சாரையும் இந்த கார்ன் ஸ்நேக்கும்தான் ஒரே குடும்பம், தூரத்துச் சொந்தம். அம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை.

அடுத்த வருஷம் ஸ்கூல்ல முதலைப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில வடநெம்மேலி. அங்கேதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு, 1978-ல ஆரம்பிச்சது. பரம்பரையா பாம்பு பிடிச்சுத் தோலுக்கு வித்தவங்க, 1972 வனவிலங்குச் சட்டத்துக்கப்புறம் அந்தத் தொழில் போய், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுலயும் விஷம் எடுத்துத் திரும்பக் காட்டுல விடறாங்க. பாம்புக்கடி மருந்து அதுல இருந்துதான். அவங்கள்ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கிடைச்சுது. எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்த மண்பானைகள்தான். வாயில துணி கட்டி, வரிசையா. பாம்பு அதுக்குள்ள. மண்பானைத் தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்கோ, அதே காரணத்தால பானை ஈரமா இருந்தா வெயில்ல அவ்வளவா சூடேறாது. சென்னையில பாம்புக்குக் குளிர்ச்சி தேடிக் கொடுக்கணும், சூரிக்ல சூடு. வெப்பவியல் பரீட்சை எழுதாத அந்த மனுஷங்க முதல்ல பாம்பைப் பார்த்தாங்க. நான் வெப்பமானியைத்தான் பார்த்தேன்.

பதினைந்தாம் நாள் சின்னதா ஒரு எலி. ராத்திரி தூக்கமே இல்லை. கிண்ணத்தை டார்ச் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன். காலியா இருந்துச்சு. நூடெலி சூட்டு மறைவிடத்துல, வயித்துல ஒரு சின்ன மேட்டோட சுருண்டிருந்தாள். மூணாம் நாள் தானா நகர்ந்து குளிர்ந்த பக்கம் வந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தாள். ஜீரணம் முடிஞ்சுது போல. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் கக்கலை.

போன வாரம் வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. போனை வச்சுடுவாங்கன்னு நினைச்சேன்.

"அதுக்குக் குளிராதாடா?"

"ஒரு பக்கம் சூடு வச்சிருக்கேம்மா. இன்னொரு பக்கம் அப்படியே விட்டிருக்கேன். எங்கே வேணுமோ அங்கே இருந்துக்கும்."

"கடிக்குமா?"

"எலியைத்தான்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "அந்தச் சாரை ஞாபகம் இருக்காடா உனக்கு?"ன்னு கேட்டாங்க. இருக்குன்னேன். "பத்திரமாப் பார்த்துக்கோ. ஊருக்கு மட்டும் தூக்கிட்டு வந்துடாதே"ன்னாங்க.

ஏப்ரல்ல தோழி திரும்பி வர்றாள். நூடெலி அவள் அறைக்குப் போயிடுவாள். பெட்டி இருந்த இடத்துல என்ன வைக்கிறதுன்னு இன்னும் யோசிக்கலை.

பி.கு.: யாராவது பாம்பு வளர்க்கிறவங்க இருந்தா ரெண்டு விஷயம். பெட்டிக்குள்ள செல்லோ டேப் எதுவும் வேண்டாம், செதிலோட ஒட்டிக்கிட்டு உரிச்சு எடுத்துடும். தள்ளுக் கதவுக்குப் பூட்டு போடுங்க, விரல் நுழையற சந்து போதும், ஆள் எஸ்கேப். நம்ம ஊர்ல இருக்கிறவங்க கவனத்துக்கு: இந்தியப் பாம்புகளை வீட்டுல வச்சு வளர்க்கிறது 1972 சட்டப்படி குற்றம். புழக்கடையில பார்த்தா கத்தாதீங்க, வழி விடுங்க. அதுவே போயிடும்.