முன்னறிவித்து வரும் அலை

போர்ட் பிளேயரில், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு வழங்கும் அந்நகரில், ஒரு தமிழ்க் குடும்பம் வரும் கோடை விடுமுறையில் சென்னையிலுள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறது. கணவர், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், மனைவியின் தாயார் என ஐவர். சென்னைவாசிக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காரியம். இவர்களுக்கோ, இதற்கென்றே ஒரு நாற்பது பக்க நோட்டு ஜனவரி முதல் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நாடெங்கிலுமிருந்து மக்கள் விடுமுறைக்கு வரும் இடத்தில் வாழ்வோர் விடுமுறைக்கு எங்கே செல்வர் என்பதை எந்தச் சுற்றுலா ஆய்வும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தமானில் பிறந்த பிள்ளைகள் கடலிலேயே கிடந்து வளர்வார்கள் என்பது பெருநிலத்தாரின் கற்பனை. கார்பின்ஸ் கோவ் கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. பள்ளி நாட்களில் எந்தத் தாயும் பிள்ளையைக் கடலுக்கு அனுப்புவதில்லை. ராட்டினம் என்றால் இப்பிள்ளைகள் அறிந்தது, தீவுச் சுற்றுலா விழாவின்போது மைதானத்தில் எழுந்து, விழா முடிந்ததும் பிரித்து அடுக்கப்படும் ராட்டினத்தைத்தான்.

நோட்டின் முதற்பக்கங்களில் பூங்காக்களின் பெயர்கள் உள்ளன. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பழைய பூங்காக்கள், தாம்பரத்தை அடுத்து 1995இல் தோன்றிய கிஷ்கிந்தா, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா எனப் பட்டியல் நீள்கிறது. பெயர்களைக் காட்டிலும் சுவையானவை அவற்றின் கீழுள்ள எண்கள். இந்தியப் பூங்காக்கள் பலவற்றில் பிள்ளைகளுக்கான கட்டணத்தை நிர்ணயிப்பது வயது அன்று, உயரம். பெரிய சவாரிகள் சிலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் என்றொரு கோடு உண்டு. மகள் 131, மகன் 98. சமையலறைக் கதவின் நிலையில் பென்சிற் கோடுகள் மாதந்தோறும் ஏறுகின்றன. ஒன்பது சென்டிமீட்டருக்காக இன்னும் ஓராண்டு காத்திருக்கலாமா என்று தந்தை ஒருமுறை யோசித்தார். அதற்குள் அத்தைக்கு முழங்கால் வலி கூடிவிடும் என்று மனைவி அந்த யோசனையை முடித்துவைத்தார்.

அடுத்த சிக்கல் உறவினர்கள். கணவரின் குடும்பம் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இதுவரை அவர்கள் பெருநிலம் சென்றதெல்லாம் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, இழவுக்கு. சென்னை வரை வந்தவர்கள் ஊருக்கு வராமல் திரும்பினால் அது பங்காளி வீட்டில் பத்தாண்டுப் பேச்சாகும். ஆகவே நான்கு நாட்கள் ஊருக்கு, இரண்டு நாட்கள் பூங்காவுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். பூங்காவைப் பற்றி ஊரில் வாய் திறக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. நான்கு வயதுப் பிள்ளையிடம் இரகசியம் தங்கும் என்று அவர்கள் நம்புவதுதான் திட்டத்தின் பலவீனமான பகுதி.

கப்பலா, விமானமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ஹாடோ துறையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். தீவுவாசிகளுக்குக் கப்பலில் சலுகைக் கட்டணம் உண்டு. ஐந்து விமான டிக்கெட்டுகளோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தேவையற்ற தொகை. ஆனால் மே மூன்றாம் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை அந்தமான் கடலைத் தொடும். பெருநிலத்துச் செய்தித்தாள்கள் நற்செய்தியாக அச்சிடும் அந்த வரி, தீவில் கப்பலேறுவோர்க்குக் குமட்டலின் முன்னறிவிப்பு. சென்னையிலோ மே 4 அளவில் கத்திரி தொடங்கிவிடும். ஆண்டு முழுவதும் முப்பது பாகையை ஒட்டியே வாழ்ந்த பிள்ளைகள் நாற்பதைத் தாங்குவார்களா? பள்ளி விடுமுறை தொடங்கியவுடன், கடல் இன்னும் அடங்கியிருக்கும்போதே கப்பலில் சென்று, விமானத்தில் திரும்புவது என்று முடிவாயிற்று.

இந்த முடிவு பாட்டியை எப்படித் தொட்டது என்பதை அறிய அவருடைய கடற்பயணங்களை அறிய வேண்டும். அவர் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரைக் கணக்குப் பார்த்து இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. அந்தப் பங்கீட்டில் 1970களில் சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் இறங்கினார். மண்டபம் முகாமில் இருந்தார். அங்கிருந்து அவருடைய பெற்றோரை ரப்பர்த் தோட்ட வேலைக்கென்று நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலுக்கு அனுப்பினார்கள். அது இரண்டாம் கப்பல். அங்கேயே வளர்ந்து, மணந்து, மகளைப் பெற்றார். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி அளவில் நிலம் நடுங்கியது. ரப்பர்க் காடு மேட்டில் இருந்ததால் தாயும் பதினான்கு வயது மகளும் பிழைத்தனர். கணவர் அன்று காலை மீன் வாங்கக் கரைக்கு இறங்கியிருந்தார். கச்சாலில் இறந்தோராக எழுதப்பட்டவர்களைவிடக் காணாமற்போனோராக எழுதப்பட்டவர்களே மிகப் பலர். அவர் பெயரும் இரண்டாம் பட்டியலில்தான் இருக்கிறது. அந்தத் தீவுகள் பலவற்றில் நிலமே ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோனதால், அவர் இறங்கிய கரை இப்போது கடலடியில் இருக்கிறது. மீட்புக் கப்பலில் போர்ட் பிளேயர் வந்தது மூன்றாம் பயணம்.

மூன்றில் ஒன்றையும் அவர் கேட்டு ஏறியதில்லை. காரணமே இல்லாமல், பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவர் கடல் தாண்டலாம் என்பது அவருக்குப் புதுச்செய்தி. அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்பு வந்தது நோட்டின் பதினேழாம் பக்கத்தில். அதன் தலைப்பு: அலைக்குளம்.

நீர்ப்பூங்காக்களின் மையமே அதுதான். குளத்தின் ஆழமான முனையில், சுவருக்குப் பின்னாலுள்ள அறைகளில் விசிறிகள் காற்றை அழுத்தி நீரைத் தள்ளுகின்றன. அது அலையாகி, சரிந்த தளத்தில் ஏறி, நுரைத்து அடங்குகிறது. சில நிமிடம் அலை, பின்பு ஓய்வு. மகள் கைபேசியில் அதைப் பார்த்த நாள் முதல் வேறெதையும் கேட்பதில்லை. அவளுடைய தாய் 2004க்குப் பின் கடலில் கணுக்கால் நனைத்ததில்லை. ஆனால் மகளிடம் அதற்கான காரணத்தை முழுதாகச் சொன்னதுமில்லை. பூங்காவுக்குப் போய்விட்டு அந்தக் குளத்தை மட்டும் தவிர்ப்பதென்றால், காரணத்தைச் சொல்லியாக வேண்டும். திட்டமிடல் என்ற பெயரில் அவ்வீட்டில் இரண்டு மாதமாக ஒத்திப்போடப்பட்டது இந்தப் பேச்சுதான்.

1981இல் வெளிவந்த நூலொன்றில் ழான் போத்ரியார் டிஸ்னிலாந்தைப் பற்றி எழுதியதை மாணவர்கள் நன்கறிவர்: வெளியிலுள்ள உலகம் மெய் என்று நம்மை நம்பவைப்பதற்காகவே அந்தப் பொய்யுலகம் கட்டப்பட்டிருக்கிறது என்பார். கூர்மையான வாசிப்புதான். எனினும் மெய்யுலகத்தின் மீது நம்பிக்கையை இழக்கும் வாய்ப்பே இல்லாதவர்களின் கவலை அது. மெய்யான அலையைக் கண்டவர்களுக்குப் போலி அலையின் சிறப்பு வேறு. அதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது.

பூங்காவின் தோற்றக் கதையொன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் குடைராட்டினத்தில் சுற்ற, தாம் பெஞ்சில் வெறுமனே உட்கார்ந்திருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டுமென்ற எண்ணம் எழுந்ததாக வால்ட் டிஸ்னி கூறுவார். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறந்தது. பெற்றோர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டனர். இந்தியக் குடும்பங்களில் அந்த இடம் பாட்டிக்குப் போயிற்று. பைகளையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியர் இல்லாத பூங்கா தமிழ்நாட்டில் கிடையாது. இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. குளத்தில் பருத்தி உடை கூடாது என்பதால் நைலான் உடை நான்கு பேருக்கு; பாட்டி, பெஞ்ச்.

பிப்ரவரியில் ஒரு மாலை, மருமகன் அலைக்குளக் காணொளியை மாமியாருக்குக் காட்டினார். வற்புறுத்தும் நோக்கம் அவருக்கு இல்லை. உட்காரும் இடம் எங்கே என்று காட்டவே எடுத்தார். காணொளியில் அலைக்கு முன்னர் ஆலைச் சங்கு போன்றதொரு ஒலி எழுந்தது. கூட்டம் ஆரவாரத்துடன் குளத்தை நோக்கி ஓடியது.

"மாப்பிள்ளை, இது என்ன சத்தம்?"

"அலை வரப் போகுதுன்னு அறிவிக்கிறாங்க, அத்தை."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

அவர் அதைத் திரும்பப் போடச் சொன்னார். நான்குமுறை பார்த்தார். இந்தியப் பெருங்கடலுக்கு 2004இல் அத்தகைய சங்கு இல்லை. ஐதராபாத்திலுள்ள ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்தான். நிலம் நடுங்கியதற்கும் நீர் வந்ததற்கும் இடையில் கச்சாலில் இருந்த நேரம், ஒருவர் மேட்டுக்கு ஏறிவரப் போதுமானதாகவே இருந்தது. ஏற வேண்டும் என்று சொல்லத்தான் ஒருவருமில்லை. இதை அவர் அன்று எவரிடமும் சொல்லவில்லை. மகளுக்குச் சொல்லத் தேவையுமில்லை.

அன்றிரவுதான் பேத்திக்கு அந்த டிசம்பர் காலையின் கதை சொல்லப்பட்டது. தாய் தொடங்கினார், பாதியில் பாட்டி வாங்கிக்கொண்டார். பேத்தி வெகுநேரம் பேசாதிருந்து, தாத்தா அன்றைக்கு என்ன மீன் வாங்கப் போனார் என்று கேட்டாள். சூரை என்றார் பாட்டி. அந்தக் கேள்வியை இருபத்தோராண்டுகளில் முதன்முதலாகக் கேட்டவள் அவள்தான்.

கப்பல் புறப்படும் நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை. நோட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. பதினேழாம் பக்கத்தில், குளத்துக்குள் தம்பியின் கையை யார் பிடிப்பது, அக்காவின் அருகில் யார் நிற்பது என்று தாயின் கையெழுத்தில் ஒரு படம் வரையப்பட்டிருக்கிறது. சென்ற வாரம் அபர்டீன் பஜாரில் ஐந்து நைலான் உடைகளுக்கு விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.