கசட்டில் உறங்கும் உலோகம்

பினாங்கின் டத்தோ கிராமாட் சாலையை அறிந்த முதியோர்க்கு வெள்ளீய உருக்காலை புதியதன்று. ஈயத்தைப் பிரித்தபின் தள்ளப்பட்ட கசட்டில் டான்டலம் என்னும் அரிய உலோகம் இருந்தது. இந்நாட்டு உருக்காலைகளின் கசடு பின்னாளில் அதன்பொருட்டே கடல்கடந்து விலைபோயிற்று. அலுமினியத்துக்கும் அத்தகைய வழி உண்டா என்பது வேதியியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா.

இஃது ஏட்டளவில் எழுந்த வினாவன்று. குவாந்தானில் அலுமினியத் தாதுவாகிய பாக்சைட்டைத் தோண்டிய நாள்களில், செந்தூசி சாலைகளையும் வீடுகளையும் மூடியது. 2016 சனவரி 15 முதல் அரசு அப்பணியை நிறுத்திவைத்தது. தமிழகத்தில் மேட்டூர் ஆலைக்காகச் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் அகழப்பட்டன. ஒரு டன் அலுமினா எடுத்தால், ஏறத்தாழ ஒரு டன்னோ அதற்கு மேலோ செஞ்சேறு எஞ்சும்.

அலுமினா களிமண்ணிலும் உண்டு, நிலக்கரிச் சாம்பலிலும் உண்டு. பின் ஏன் மலையை அகழவேண்டும்? 1888இல் பேயர் காப்புரிமை பெற்ற முறை, பாக்சைட்டிலுள்ள அலுமினாவை எரிசோடாவில் கரைத்தெடுப்பது. தாதுவில் சிலிக்கா மிகுந்தால், அது சோடாவையும் அலுமினாவையும் தன்னோடு பிணைத்துக்கொண்டு கரையாப் பொருளாய்ப் படிந்துவிடும். விருந்துக்கு வந்தவன் விளக்கையும் எடுத்துச்சென்ற கதைதான்!

இதற்கு மாற்று சுண்ணாம்புக்கல். களிமண்ணையோ சாம்பலையோ அதனோடு கலந்து கடுஞ்சூட்டில் சுட்டால், சிலிக்கா சுண்ணாம்போடு சேர, அலுமினா கரையும் நிலையை அடையும். போலந்து அறிஞர் கிஷிமெக் இதில் கையாண்ட நுட்பம் வியப்புக்குரியது. சுட்ட கட்டி மெல்ல ஆறும்போது, அதிலுள்ள கால்சியம் சிலிக்கேட்டின் படிக அமைப்பு மாறிப் பருமன் பெருகும்; பெருகவே கட்டி தானே நொறுங்கிப் பொடியாகும். அரைவை ஆலைக்கு அங்கு வேலையில்லை. அப்பொடியைச் சோடாக் கரைசலில் இட்டால் அலுமினா கரைந்து வரும்; எஞ்சுவது சிமெண்டுக்கு உதவும்.

ஆனால் எரிபொருட் செலவோ மிகுதி. சிமெண்டு விலைபோனால்தான் அலுமினா கட்டுப்படியாகும். இரசியாவின் பிகாலியோவோ நகரில், உரத்துக்கான அபடைட்டைப் பிரித்தபின் எஞ்சும் நெஃபெலினிலிருந்து 1959 முதல் அலுமினா, சோடா, பொட்டாசு, சிமெண்டு ஆகியவை பெறப்பட்டன. ஒன்றாயிருந்த அத்தொழில் பின்னர் மூன்று உடைமையாளரிடம் பிரிந்தது. அவர்கள் மூலப்பொருள் விலையில் பிணங்கவே ஆலைகள் நின்றன. 2009 சூனில், ஊதியம் காணாத மக்கள் நெடுஞ்சாலையை மறித்தனர். தலைமையமைச்சர் புட்டின் நேரில் வந்து, உடைமையாளரை உடன்படிக்கையில் கையொப்பமிடச் செய்தபின்னரே ஆலைகள் இயங்க வழி பிறந்தது.