பக்கத்து வீடு

ஒரு பெண்மணி தன் பாட்டியின் தாத்தாவைத் தேடித் தரச் சொல்லி வந்தார். கறுப்பினக் குடும்பம், ஜார்ஜியா மாநிலத்துப் பருத்திச் சீமை, தலைமுறை தலைமுறையாக உழவு. அவர் கையில் இருந்தது அந்த மனிதரின் பெயரும் கவுண்டியின் பெயரும்தான். அதுகூட இல்லாமல் வருகிறவர்கள் உண்டு என்பதால் மகிழ்ச்சியாகவே ஒப்புக்கொண்டேன்.

அமெரிக்கக் குடிக்கணக்கில் பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும். முதலில் 1900, பிறகு 1880, அதன்பின் 1870. இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிற நானே அன்று நேராக 1870க்குத் தாவினேன். அந்த ஆண்டின் மேல் குடும்ப வேர் தேடும் எங்களுக்கெல்லாம் ஒரு மயக்கம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கு அதுதான்.

கிடைத்தார். வயது 35, தொழில் உழவர். மனைவி 30, மூன்று பிள்ளைகள், கடைசி வரியில் 60 வயது மூதாட்டி. நிலமதிப்புக் கட்டம் காலி. எழுத்தறிவுக் கட்டத்தில் பெரியவர்கள் மூவருக்கும் ‘படிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது’ என்ற கோடு. மூதாட்டியை அவருடைய தாய் என்று குறித்துக்கொண்டேன். 1870 படிவத்தில் உறவுமுறைக்குக் கட்டமே கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

பெயரைப் பிடித்ததும் ஓட்டத்தை நிறுத்தி, அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து. கணக்கெடுப்பவர் வீடு வீடாகப் போனவர். அவர் எழுதிய வரிசை பெரும்பாலும் அவர் நடந்த வழி. நாங்கள் தேடிய குடும்பத்துக்கு மூன்று வீடு தள்ளி ஒரு வெள்ளைக்கார நிலக்காரர் இருந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். விடுபட்டவர்களில் பலர் பழைய முதலாளியின் நிலத்தருகிலேயே வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த காலம்.

அடுத்து 1860. அங்கே வாசல் வேறு. 1850இலும் 1860இலும் அடிமைகளுக்குத் தனிப்படிவம் இருந்தது. முதலாளியின் பெயர் மேலே. கீழே வயது, ஆணா பெண்ணா, கறுப்பா கலப்பா. மிகச் சில இடங்கள் தவிர மனிதர்களுக்குப் பெயர் இல்லை. அதே ஆண்டுகளில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பர்களுக்குப் பெயர் உண்டு. தன்னையும் உறவினரையும் காசு கொடுத்து மீட்டு, 1836இல் இல்லினாயில் நியூ பிலடெல்பியா என்ற ஊரையே மனை பிரித்து உருவாக்கிய பிராங்க் மெக்வொர்ட்டர் போன்றவர்களின் குடும்பத்தைத் தேடுவோருக்கு 1850 திறந்த கதவு. எங்களுக்கு அது சுவர்.

அந்த நிலக்காரரின் 1860 பட்டியலில் 50 வயதுப் பெண் ஒருத்தி, 25 வயது ஆண் ஒருவன். பத்தைக் கழித்தால் கச்சிதம். தாயும் மகனும்! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் தொழிலில் ஆளைக் கெடுப்பது ஆவணம் கிடைக்காத நாள் அல்ல, இப்படிக் கணக்கு இடிக்காமல் பொருந்திவிடுகிற நாள்தான். அந்தப் பட்டியல்கள் பல, குடும்பம் குடும்பமாக அல்லாமல் மூத்தவரிலிருந்து இளையவர் என்று வயது வரிசையில் எழுதப்பட்டவை. அங்கே பக்கத்து வரி பக்கத்து வீடு அல்ல. வயதுகளும் 30, 50, 60 என்று முழு எண்களில் போய் விழும். பிறந்த நாள் யாருக்கும் குறிக்கப்படாத இடத்தில் வேறெப்படி இருக்கும்?

இரண்டு வாரம் கழித்து, முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய 1880ஐத் திறந்தேன். உறவுமுறையைக் கேட்ட முதல் கணக்கு. மூதாட்டி இன்னும் உயிரோடு இருந்தார். பெயருக்கு நேரே ‘மாமியார்’. நான் கட்டிய தாயும் மகனும் ஒரே கோட்டில் சரிந்தார்கள். அவர் மனைவியின் தாய். 1860இல் மாமியார் ஒரு பண்ணையிலும் மருமகன் பத்து மைல் தள்ளி இன்னொரு பண்ணையிலும் இருந்திருக்கலாம். அந்த 25 வயது ஆண் யாரோ ஒருவன். குறிப்பேட்டில் அவனை அழிக்கவில்லை, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவைத்தேன். இன்னொரு குடும்பம் அவனைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

1880 அதோடு விடவில்லை. அதே ஆண்டுக்கு விவசாயப் படிவமும் உண்டு. பொதுவாக இதை யாரும் எடுப்பதில்லை, எனக்கோ இதுதான் உயிர். ‘உழவர்’ என்ற ஒரு சொல்லுக்குள் நிலக்காரனும் வாரக்காரனும் ஒளிந்துகொள்வார்கள். இந்தப் படிவம் நேராகக் கேட்கிறது: சொந்தமா, பணக் குத்தகையா, விளைச்சலில் பங்கா? இவருக்குக் கோடு விழுந்தது பங்கில். ஒரு கோவேறு கழுதை, ஒரு பால்மாடு, சில பன்றிகள், 1879இல் விளைந்த மக்காச்சோளம், சர்க்கரைவள்ளி, ஆறு பொதி பருத்தி. சோறு தரும் பயிர் கொஞ்சம், கடன் அடைக்கும் பயிர் நிறைய. அந்தப் பெண்மணி கழுதையின் வரியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள் அல்லவா?’ என்றார்.

1890ஐத் தாண்டித்தான் குதிக்க வேண்டும். 1921இல் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் பற்றிய தீயிலும் அதன்பின் நேர்ந்த அழிப்பிலும் அந்தக் கணக்கு ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது வருடம் இருட்டு.

1900இல் மனைவி மட்டும் இருக்கிறார், கைம்பெண், மகன் வீட்டில். அந்த ஆண்டு பெண்களிடம் இரண்டு எண் கேட்டார்கள்: பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை. 9, 6. இறந்த மூவரில் ஒருவனைக் கண்டுபிடித்துவிட்டேன். 1880 கணக்கோடு இறப்புப் படிவம் ஒன்று உண்டு, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் இறந்தவர்களுக்கானது. முதல் கட்டத்தில் இருக்கும் குடும்ப எண்ணைக் குடிக்கணக்கோடு பொருத்தினால் வீடு தெரிந்துவிடும். ஆண், வயது 2, பிப்ரவரி, கக்குவான் இருமல். பெயரும் இருந்தது, குடும்ப மரத்தில் சேர்த்தேன்.

மற்ற இருவரும் அந்த இருபது வருடத்துக்குள் பிறந்து அதற்குள்ளேயே போயிருக்கலாம். மரத்தில் அவர்களுக்காக இரண்டு கட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறேன். உள்ளே பென்சிலால்கூட எதுவும் எழுதவில்லை.