நங்கூரத்தை வெட்டிய மீகாமன்

கப்பலை நிறுத்துவதே நங்கூரத்தின் தொழில். ஆயினும், பாய்மரக் கப்பல்கள் கடலாண்ட காலத்தில், அதனைக் கொண்டே கப்பலைத் திருப்பும் அரிய முறை ஒன்றும் ஆங்கில மாலுமிகளிடம் வழங்கிற்று.

புயற்காற்று கப்பலைக் கரைநோக்கித் தள்ளுகின்றது. காற்றை எதிர்த்துத் திரும்ப அலைகள் விடா. காற்றோடு சுற்றித் திரும்பவோ இடம் போதாது. அப்போது மீகாமன் சுக்கானைத் திருப்பி, கப்பலின் முகம் காற்றை நோக்கி எழும் வேளையில், கரைப்பக்கத்து நங்கூரத்தை இறக்குவான். அது தரையைப் பற்றியதும் வடம் விறைத்து, கப்பலின் முகத்தை இழுத்துத் திருப்பும். பாய்களில் மறுபக்கக் காற்று நிறைந்தவுடன் வடத்தைக் கோடரியால் வெட்டிவிடல் வேண்டும். சற்று முந்தினால் கப்பல் கரையில் மோதும். பிந்தினால் வடம் அதனை விடாது. கோடரி ஏந்தியவன் கையில் அனைவர் உயிரும் இருந்தது எனல் மிகையன்று. விலைமிக்க நங்கூரமோ கடலுக்கே உரியதாகும்.

1812ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பிரான்சின் மேற்குக் கரையில், 74 பீரங்கிகள் தாங்கிய ‘மாக்னிபிசென்ட்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் புயலில் அகப்பட்டது. அது ஓடிக்கொண்டிருந்த கப்பலன்று, நங்கூரமிட்டு நின்றது. அண்மையில் பாறைத்தொடர். மீகாமன் ஜான் ஹேய்ஸ், நங்கூர வடத்தோடு வேறொரு கயிற்றையும் பிணித்து, கப்பலின் முகத்தைத் திருப்பினார், பாய்களை விரித்தார், வடம், கயிறு இரண்டையும் வெட்டச் செய்தார். கப்பல் பாறைகளுக்குத் தப்பிற்று.

அதன்பின் கடற்படையினர் அவரை ‘மாக்னிபிசென்ட் ஹேய்ஸ்’ என்றே அழைத்தனர். அச்சொல்லுக்கு ‘மாண்புமிக்க’ என்பது பொருள்.