அமால்ஃபியில் எஞ்சிய பத்துத் தூண்கள்

நேப்பிள்ஸுக்குத் தெற்கே, செங்குத்தான மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது அமால்ஃபி. போகிறவர்கள் எல்லோரும் பேராலயத்தின் 62 படிகளில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரியும் வண்ண முகப்பு, பழையது 1861-இல் இடிந்து விழுந்த பிறகு எழுப்பப்பட்டது. ஊரின் பழம்பெருமையைப் பார்க்க வேண்டுமானால் படியிறங்கிக் கடற்கரைப் பக்கம் வர வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சுவராகத் தெரியும் ஒரு கட்டடத்துக்குள் இருக்கிறது அந்த நாளைய கப்பல் கட்டும் தளம்.

உள்ளே இரண்டு நீண்ட கூடங்கள். நடுவே கல் தூண்கள், அவற்றிலிருந்து கிளம்பி உச்சியில் கூராகக் கூடும் வளைவுகள். நூறு துடுப்புகளுக்கு மேல் கொண்ட போர்க்கப்பல்கள் இந்தக் கூரையின் கீழ்தான் உருவாயின. 22 தூண்கள் இருந்த இடத்தில் இன்று 10 மட்டுமே நிற்கின்றன. கடல் பக்கத்துப் பாதியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

இங்கே உழுவதற்கு நிலம் கிடையாது. மலையில் மரம் உண்டு, முன்னால் கடல் உண்டு. 839-இல் நேப்பிள்ஸின் பிடியிலிருந்து விலகிய அமால்ஃபி மக்கள், இந்த இரண்டை வைத்தே பிழைத்தார்கள். மரம் அரிதான எகிப்துக்கு மரத்தை ஏற்றிப் போய்ப் பொன் பெற்றார்கள். அந்தப் பொன்னைக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுபோய்ப் பட்டும் ஆபரணமும் வாங்கி, இத்தாலியின் ஆயர்களுக்கும் பிரபுக்களுக்கும் விற்றார்கள். நம் மேற்குக் கரை மிளகும் செங்கடல் வழியாக எகிப்துச் சந்தைக்கு வந்து, இப்படிப்பட்ட வணிகர் கைகளுக்குத்தான் மாறியது. ‘குடியரசு’ என்று இன்று வழங்கினாலும், முதலில் சில குடும்பங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் ஆண்டார்கள். 958 முதல் பரம்பரைக் கோமகன்கள் வந்துவிட்டார்கள். பத்தாம் நூற்றாண்டில் இப்பகுதியைப் பற்றி எழுதிய அரபுப் பயணி இப்னு ஹவ்கல், அமால்ஃபியைத் தென் இத்தாலியின் ஆகச் செழிப்பான நகரங்களுள் வைத்தார்.

யாரோடும் முழுப் பகை கொள்ளாமல் இருந்ததுதான் அவர்களுடைய முதல். அரபுக் கடற்படைகளுக்கு எதிராக 849-இல் ஓஸ்தியாவில் போரிட்டவர்களும் அவர்களே, பிறகு அதே அரபுகளோடு உடன்பாடு வைத்துக்கொண்டவர்களும் அவர்களே. அந்த உறவை முறிக்கச் சொல்லித் திருத்தந்தை எட்டாம் ஜான் 10,000 வெள்ளி நாணயம் கொடுத்தார். அமால்ஃபி பணத்தை வாங்கிக்கொண்டது, உறவை விடவில்லை. 879-இல் திருச்சபை அவர்களை விலக்கி வைத்தது. வணிகம் நிற்கவில்லை. அவர்கள் அச்சிட்ட ‘தாரி’ என்ற பொற்காசு அரபு நாணயத்தைப் பார்த்துச் செய்தது. கிறித்தவ ஊரின் காசில் அரபு எழுத்துச் சாயலில் வரிகள் ஓடும். இதற்கு விலையும் கொடுத்தார்கள். 996-இல் எகிப்தில் கலீஃபாவின் புதுக் கப்பல்கள் தீப்பற்றியபோது பழி அவர்கள்மேல் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அமால்ஃபி வணிகர்கள் கொல்லப்பட்டார்கள்.

அவர்கள் கட்டியவற்றில் பல, ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. கிரேக்கத் துறவிகளின் ஆதோஸ் மலையில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஒரு மடம் நடத்தினார்கள். 1054-இல் கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் பிரிந்த பிறகும் அந்த மடத்தை யாரும் மூடவில்லை. அதன் கோபுரம் தனியாக இன்றும் நிற்கிறது. எருசலேமில் யாத்ரீகர்களுக்காக ஒரு விடுதியும் மருத்துவமனையும் தொடங்கினார்கள். முதல் சிலுவைப் போருக்குப் பின் அதிலிருந்து பிறந்ததே, இப்போது மால்டா துறவுச் சபை என்று அறியப்படும் அமைப்பு. சொந்த ஊர்ப் பேராலயத்துக்கு, பந்தலேயோனே என்ற வணிகர் 1060-ஐ ஒட்டிக் கான்ஸ்டான்டிநோபிளில் வார்ப்பித்த வெண்கலக் கதவுகளைத் தந்தார். கிறிஸ்து, மரியாள், பேதுரு, அந்திரேயா உருவங்கள் வெள்ளி பதித்துச் செய்யப்பட்ட அந்தக் கதவுகள் முகப்பு இடிந்ததையும் தாண்டி நிற்கின்றன. படம் எடுப்பவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

வழிகாட்டிகள் பலர் 1343 நவம்பர் 25-ஆம் தேதிப் புயலோடு கதையை முடித்துவிடுவார்கள். அன்று நேப்பிள்ஸில் இருந்த கவிஞர் பெத்ரார்க்கா அந்த இரவின் கோரத்தைக் கடிதமாக எழுதியிருக்கிறார். அமால்ஃபியின் துறைமுகமும் கரையோரப் பகுதியும் அப்போது கடலுக்குள் போனது உண்மை. ஆனால் செத்த உடலைத்தான் புயல் அடித்தது. 1073-இல் ஊர் நார்மன் தலைவன் ராபர்ட் கிஸ்கார்டின் கைக்குப் போனது. பைசாந்தியப் பேரரசுக்கு நார்மன்கள் பரம விரோதிகள். அவர்களுடைய குடிகளாகிவிட்ட அமால்ஃபி வணிகர்களும் கான்ஸ்டான்டிநோபிளில் சந்தேகத்துக்கு ஆளானார்கள். பேரரசுக்குக் கப்பல் கொடுத்து உதவிய வெனிஸுக்கு 1082-இல் பெரும் சலுகைகள் கிடைத்தன. அந்த ஆணையிலேயே, தலைநகரில் கடை வைத்திருக்கும் ஒவ்வொரு அமால்ஃபிக்காரரும் ஆண்டுக்கு மூன்று பொற்காசு வெனிஸின் புனித மாற்கு ஆலயத்துக்குக் கட்ட வேண்டும் என்று எழுதப்பட்டது. அமால்ஃபியின் வீழ்ச்சிக்கு ஒரு தேதி வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். 1131-இல் நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் மிச்சமிருந்த கோட்டைகளையும் வாங்கிக்கொண்டான். 1135-இலும் 1137-இலும் பைசா நகரத்துக் கப்பல்கள் வந்து சூறையாடின.

அமால்ஃபியின் கடல் சட்டம் மட்டும் அதிகாரம் போன பிறகும் வாழ்ந்தது. கப்பல் உரிமையாளர், மாலுமி, சரக்கு ஏற்றியவர் ஆகியோரின் உரிமையும் பங்கும் 66 பிரிவுகளில் வகுக்கப்பட்டிருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டு வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டத்தின் கையெழுத்துப் படி, வியன்னாவிலிருந்து 1929-இல் ஊர் திரும்பியது. தாரிக் காசுகளையும் கடல் சட்டத்தையும் அந்தத் தூண்களுக்கு அடியில்தான் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வெனிஸ், ஜெனோவா, பைசா என்று கடல் குடியரசுகளின் பெயர்களை அடுக்கும்போது, அமால்ஃபியை நான்காவதாகச் சேர்ப்பது வழக்கம். காலத்தால் அது மற்றவர்களுக்கு முன்னே நிற்க வேண்டியது.