134-ஐத் தாண்டாதே மனமே!

மழை விட்டாச்சு. அக்டோபர்ல சுவத்துல மாட்டின சைக்கிளை இறக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டு, காத்தடிச்சு, மூணு ஞாயிறா ஈ.சி.ஆர்ல உருட்டிக்கிட்டு இருக்கேன். ஐரோப்பாக்காரங்க குளிருக்குப் பயந்து டிசம்பர், ஜனவரியில ஸ்பெயினுக்குப் போய் சீசனுக்கு அஸ்திவாரம் போடுவாங்க. நமக்கு வில்லன் வெயில். மார்ச் தாண்டினா காலையில எட்டு மணிக்கே ரோடு தோசைக்கல்லு. அதனால ஜனவரியும் பிப்ரவரியும்தான் நம்ம ஸ்பெயின்.

பிப்ரவரி கடைசில ஒரு 200 கி.மீ. பி.ஆர்.எம். இருக்கு. பந்தயம் எல்லாம் இல்லீங்க. 13 மணி 30 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், அவ்ளோதான். டீ, பஞ்சர், ஒண்ணுக்கு எல்லாம் சேத்து மணிக்கு 15 கி.மீ. கேக்க ஈஸியாத்தான் இருக்கு.

ஆனா நிஜக் காரணம் வேற. ஆபீஸ் ஹெல்த் செக்கப்ல எனக்கு ஹெச்.பி.ஏ.1சி 5.9னு வந்துச்சு. 5.7ல இருந்து 6.4 வரை ‘வாசல்ல நிக்கிறீங்க’னு அர்த்தம். அப்பா வாசலைத் தாண்டி உள்ள போய் பல வருஷமாச்சு, தினமும் ரெண்டு வேளை ஊசி. எனக்கு வயசு 28. ஏப்ரல்ல மறுபடி ரத்தம் குடுக்கணும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, தசை வேலை செய்யும்போது ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இன்சுலினோட தயவு இல்லாமலேயே உள்ள இழுத்துக்கும். மிதிக்க மிதிக்க இழுக்கும். ரொம்ப நேரம் மிதிக்கணும்னா மெதுவாத்தான் மிதிக்கணும். அஸ்திவாரம்கறதும் அதேதான். நிதானமா நாலு மணி நேரம் ஓட்டினா தசைக்குள்ள மைட்டோகாண்ட்ரியா பெருகும், நுண்ணிய ரத்தக் குழாய் கூடும், உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகும். வேகம் எல்லாம் அதுக்கு மேல கட்டுற மாடி.

கணக்கு சிம்பிள். 220ல இருந்து வயசைக் கழிச்சா 192. அதுல எழுபது சதவீதம் 134. இதயத்துடிப்பு அதைத் தாண்டக் கூடாது. (தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும்.) மானிட்டர் இல்லாதவங்க பக்கத்துல வர்றவர்கூட முழு வாக்கியமா பேசிப் பாருங்க. மூச்சு வாங்காம பேச முடிஞ்சா சரியான வேகம்.

சொல்றது சுலபம். போன வாரம் கோவளம் கிட்ட, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கேரியர்ல மீன் பெட்டியோட ஒரு அண்ணன் பழைய ஹெர்குலஸ்ல என்னைத் தாண்டிப் போனார். திரும்பி என் ஹெல்மெட்டைப் பாத்தார், கண்ணாடியைப் பாத்தார், ஒண்ணும் சொல்லல. அந்தப் பார்வை போதாதா? காலு துடிக்குது. மானிட்டர் 131, 133... ரெண்டு மிதி மிதிச்சா அவரைப் பிடிச்சிடலாம். பிடிக்கல. அவர் சின்னப் புள்ளியா மறையற வரைக்கும் பாத்துக்கிட்டே உருட்டினேன். இந்த சீசன்ல நான் செஞ்ச கஷ்டமான பயிற்சி அதான் :)

இன்னொரு சோதனை காத்து. இந்த மாசங்கள்ல வடகிழக்குல இருந்து அடிக்கும். மாமல்லபுரம் போகும்போது முதுகுல கை வெச்சுத் தள்ளிவிடும், நாமதான் பெரிய ஆளுன்னு தோணும். திரும்பும்போது அதே காத்து மூஞ்சில அறையும். அப்பவும் 134தான் கணக்கு. கியரைக் குறைச்சுக்கிட்டு ஆமை மாதிரி வர்றதுதான், வேற வழியில்ல.

சாப்பாட்டுக்கு ஜெல் எல்லாம் வாங்கல. மணிக்கு ஒரு வாழைப்பழம், நடுவுல கடலை மிட்டாய், பாட்டில்ல உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணி. சர்க்கரைக்குப் பயந்தவன் சைக்கிள்ல கடலை மிட்டாய் திங்கிறானேன்னு அம்மாவுக்கு மட்டும் புரியல. ஓடுற தசைக்குப் போகுதும்மான்னு சொன்னேன். “உங்கப்பாவும் இப்படித்தான் ஏதாவது ஒரு காரணம் சொல்வாரு”ன்னாங்க.

வர்ற ஞாயிறு கல்பாக்கம் வரைக்கும் போறதா உத்தேசம். நாலரைக்குக் கிளம்பணும். அப்பா தானும் எந்திரிச்சு கேட் திறந்து விடறேன்னு சொல்லியிருக்கார்.