விற்ற சீட்டும் வந்த ஆளும்

மலாக்காவில் காற்பந்தாட்டம் என்று பேச்செழுந்தால், நம்மவரிற் பலர் முதலில் கேட்கும் கேள்வி, எந்தக் குழு ஆடுகிறது என்பதன்று. எத்தனை மணிக்கு ஆட்டம் என்பதுமன்று. “ஓசிச் சீட்டு கிடைக்குமா?” என்பதே அக்கேள்வி. கையில் காசில்லாதவர் இப்படிக் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் சங்கங்களில் தலைமை வகிப்பவரும், நல்ல காரில் வந்து இறங்குபவரும், ஊரில் நாலு பேர் மதிக்க வாழ்பவருமே இதை மிகுதியாகக் கேட்கின்றனர். காசு கொடாமல் உள்ளே போவது கௌரவம் என்றும், வரிசையில் நின்று சீட்டு வாங்குவது கௌரவக் குறைவு என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. அந்த எண்ணத்தைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

சமூகத்தைத் திருத்தும் காரியங்கள் எத்தனையோ இருக்க, பந்தாட்டத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். அவர்களைச் சற்றுப் பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறோம். திடலின் வாயிலில் வசூலாகும் காசு ஒருவனுடைய கூலியோடு சேர்ந்தது. அக்காசுக்குக் கணக்கு உண்டு. கணக்குக் கேட்கும் உரிமையும் அதனோடு உண்டு. கூலி, கணக்கு, உரிமை என்னும் மூன்றையும்விடச் சமூகத்துக்கு நெருங்கிய விஷயம் வேறு எது?

நாம் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தோம். அங்கே கம்புகளை நட்டு, அவற்றின்மேல் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் கோல் கம்பம் ஆகிவிடும். சுவரும் இல்லை, வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் லயங்களில் ஆளிருக்காது. எல்லோரும் திடலோரத்தில் இருப்பர். இதனை இலவச ஆட்டம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. சம்பள நாளன்று மண்டோர் வீட்டுத் திண்ணையில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்திருக்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் பெயருக்கு நேரே கிராணியின் மகன் ஒரு குறி போடுவான். மாதத்தின் முதல் ஆட்டம் தொடங்குமுன், பந்து வாங்கியது இவ்வளவு, அடுத்த தோட்டத்துக்கு லாரியில் போய்வந்தது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று உரக்கப் படிக்கப்படும். “லாரிக்கு ஏன் இத்தனை?” என்று ஒரு கிழவி கேட்பாள், அவளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவளும் காசு வைத்தவள் அல்லவா!

அத்திடலில் இன்னொன்றும் கண்டோம். ஆடியவர் அனைவரும் ஒரே வாளித் தண்ணீரை ஒரே குவளையால் மொண்டு குடித்தனர். வீட்டில் அதை ஒப்பாத பெரியவர்கள்கூடத் திடலோரத்தில் வாய் திறப்பதில்லை. சாதி பார்த்து ஆளெடுத்தால் அடுத்த தோட்டத்தானிடம் தோற்க நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். மேடையில் பலமுறை பேசியும் நடவாத காரியத்தைப் பந்து ஒரு மாலைப் பொழுதில் நடத்திக் காட்டியது.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நிலங்கள் கைமாறின, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்கள் பட்டணத்தை நோக்கி வந்தனர். வந்தவர் பாத்திரம் பண்டங்களைத் தூக்கி வந்தனர். சாமி படங்களையும் தூக்கி வந்தனர். திடலைத் தூக்கி வர இயலவில்லை. அத்திடலோடு சேர்ந்திருந்த நோட்டுப் புத்தகமும் வரவில்லை. அதுவே பெரிய நஷ்டம் என்பது நம் அபிப்பிராயம்.

இன்று நாம் வசிக்கும் புக்கிட் பெருவாங் ஒரு மாணவர் ஊர். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் இங்குதான் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் சாப்பாட்டுக் கடைகளின் திரைகளில் இங்கிலாந்து ஆட்டம் ஓடும். நடுநிசி தாண்டியும் இளைஞர் தே தாரிக் குவளையோடு விழித்திருப்பர். அவர்களிற் சிலரிடம் நாம் குருபோங்கிலுள்ள ஹங் ஜெபாட் அரங்கத்துக்குப் போனதுண்டா என்று கேட்டோம். ஏறத்தாழ 40,000 பேர் அமரத்தக்க அவ்வரங்கம் 2004-இல் திறக்கப்பட்டது. “அது எங்கே இருக்கிறது?” என்று ஒரு மாணவர் நம்மைத் திருப்பிக் கேட்டார். லிவர்ப்பூல் அரங்கத்தின் எந்தப் பக்கத்தில் யார் அமர்வர் என்பதை விவரமாகச் சொல்லத் தெரிந்தவர் அவர்.

மாணவரும் பந்தாட்டமும் என்றால் அமெரிக்க நாட்டை நினையாதிருக்க முடியாது. அங்கே கல்லூரிக் காற்பந்து என்பது, முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். ஆயினும் அதற்குக் கூடும் கூட்டம் வியக்கத்தக்கது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கம் 1927-இல் திறக்கப்பட்டது. இன்று அதில் 107,601 இருக்கைகள் உள்ளன. அது நிற்கும் ஆன் ஆர்பர் என்னும் ஊரின் மக்கள்தொகையே 120,000 அளவுதான். 1975 நவம்பர் முதல், நோய்க்காலமாகிய 2020 நீங்கலாக, சொந்தத் திடலில் நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அங்கே நூறாயிரத்துக்கு மேல் கூட்டம் என்று கணக்குச் சொல்லப்படுகிறது.

கணக்குச் சொல்லப்படுகிறது என்று நாம் எழுதியதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டில் பல கல்லூரிகள் வெளியிடும் கூட்டக் கணக்கு, விற்றதும் வழங்கியதுமான சீட்டுகளின் கணக்கேயன்றி வாயிலைக் கடந்த தலைகளின் கணக்கன்று. 2018-இல் வால் ஸ்திரீட் ஜர்னல் என்னும் பத்திரிகை பல கல்லூரிகளின் வாயிற் பதிவுகளைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தது. அறிவித்த கூட்டத்தில் சராசரியாக 100-க்கு 71 பேரளவே உள்ளே வந்திருந்தனர் என்று அது கண்டது. மற்றவை சீட்டாகவே இருந்துவிட்டன, ஆளாகவில்லை.

தொலைக்காட்சி வந்தால் திடல் காலியாகும் என்று அஞ்சி, அந்நாட்டுக் கல்லூரிச் சங்கம் 1950-களின் தொடக்கத்திலேயே எத்தனை ஆட்டம் ஒளிபரப்பலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. 1984-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அக்கட்டுப்பாட்டைத் தள்ளிவிட்டது. ஆகவே வீட்டிலிருந்து பார்ப்பதா, திடலுக்குப் போய்ப் பார்ப்பதா என்னும் வழக்கு நம் ஊரில் மட்டும் எழுந்ததன்று.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். மலாயா என்னும் போர்க்கப்பலின் பெயரால் வந்த கிண்ணத்துக்காக 1921-இல் தொடங்கிய போட்டியே பின்னர் மலேசியக் கிண்ணம் ஆயிற்று. 1957-இல் எழுந்த மெர்டேக்கா அரங்கம் பல தலைமுறைகளுக்குத் திருவிழாத் திடலாக இருந்தது. 1980 ஏப்ரலில் அங்கே தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவின் வலையைக் காத்தவர் ஆர். ஆறுமுகம். ‘சிலந்தி மனிதன்’ என்று நாடே அவரை அழைத்தது. அவருக்கு முன்னே சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் அரணாக நின்றனர். தமிழர், சீனர், சீக்கியர், மலாய்க்காரர் என்னும் வேற்றுமையின்றிக் கூட்டம் ஆர்ப்பரித்தது.

அக்கூட்டம் ஏன் கரைந்தது? 1994-இல் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் ஊழல் வெளிப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டனர். பலர் ஆடுவதினின்றும் தடுக்கப்பட்டனர். சீட்டு வாங்கியவன், நடந்தது ஆட்டமா நாடகமா என்று ஐயுறத் தொடங்கினான். அவ்வாண்டு டிசம்பரில் ஷா ஆலம் அரங்கில் ஏறத்தாழ 80,000 பேர் முன்னிலையில் பகாங்கை 4-0 என வென்று கிண்ணத்தைக் கொண்டுசென்ற சிங்கப்பூர், அடுத்த ஆண்டு போட்டிக்கே வரவில்லை. வாயில் வசூலைப் பங்கிடுவதில் எழுந்த பூசலே அப்பிரிவுக்குக் காரணமாயிற்று. எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் உறவைச் சீட்டுக் காசின் கணக்கு அறுத்துவிட்டது.

நம் மலாக்காவின் கதை இன்னும் அருகிலுள்ளது. மலாக்கா யுனைடெட் குழு 2016-இல் இரண்டாம் வகுப்பில் வாகை சூடி, 2017-இல் முதல் வகுப்புக்கு ஏறியது. ஆனால் சம்பளப் பாக்கி பெருகிற்று. 2023-ஆம் பருவத்துக்கு அதற்கு உரிமம் மறுக்கப்பட்டது. இருக்கைகள் இருந்தன, ஆடக் குழுவில்லை. 2025-26 பருவத்திலேதான் மலாக்காவின் பெயரைத் தாங்கிய ஒரு குழு மீண்டும் முதல் வகுப்பில் ஆட வந்தது.

சம்பளப் பாக்கி என்னும் சொல்லை நம் வாசகர்கள் எளிதாகக் கடந்துபோக முடியாது. மாதம் முழுவதும் பால் மரம் சீவிவிட்டுச் சம்பள நாளில் வெறுங்கையோடு திரும்பியவரின் பேரப்பிள்ளைகள் நாம். ஆட்டக்காரனும் கூலிக்கு உழைப்பவனே. அவன் கால் ஒடிந்தால் அவன் அடுப்பும் அணையும். வாயிற்காசு மட்டும் ஒரு குழுவை நடத்திவிடாது என்பதும், விளம்பரக்காரரும் அரசும் கொடுக்கும் பணமே பெரும்பங்கு என்பதும் உண்மைதான். ஆயினும் பிறர் தயவில் நிற்பது பிறர் கைவிட்டால் விழும். ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து உள்ளே வரும் குழுவில் அத்தனை பேரும் சம்பளம் கொடுத்தாயிற்றா என்று கேட்க உரியவர். ஓசிச் சீட்டில் வந்தவரோ கைதட்டலாம். கணக்குக் கேட்க அவருக்கு வாய் எழுமா?

“அக்குழுக்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஆடுகின்றனர்? நாம் ஏன் போகவேண்டும்?” என்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆனால் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் குழுவை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகக் கிளம்பி, 2019 முதல் முதல் வகுப்பில் ஆடி, நம் இளைஞர் பலருக்கு இடமளித்த குழு அது. 2022-ஆம் பருவத்தோடு அது போட்டியினின்றும் விலகிவிட்டது. அது ஆடிய நாட்களில் அதன் இருக்கைகளில் நாம் எத்தனை பேர் அமர்ந்தோம்? நம் பிள்ளைகள் ஆடவில்லையென்று குறைகூறும் உரிமை, அவர்கள் ஆடியபோது போய்ப் பார்த்தவருக்கே முழுமையாக உண்டு.

கல்லூரிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. யுஐடிஎம் பல்கலைக்கழகக் குழு 2020-இல் முதல் வகுப்புக்கு ஏறியது. இந்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் அந்நிலையை எட்டியது அதுவே முதன்முறை. ஆனால் நோயின் காரணமாக அப்பருவம் பாதியாகக் குறுக்கப்பட்டு, பெரும்பகுதி மக்கள் வாராமலே நடந்தது. மாணவர் கூட்டம் என்னும் பலத்தைக் காணும் வாய்ப்பு கிட்டிய ஆண்டிலேயே வாயில் அடைபட்டுப் போயிற்று. அடுத்த ஆண்டின் முடிவில் அக்குழுவும் கீழே இறங்கியது.

ஆகவே நாம் சொல்ல விரும்புவன சிலவே. குழுவை நடத்துவோர், விற்ற சீட்டு எத்தனை, இலவசமாகக் கொடுத்தது எத்தனை, உள்ளே வந்த ஆள் எத்தனை என்னும் மூன்று எண்களையும் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் வெளியிட வேண்டும். இரவில் முடியும் ஆட்டத்துக்குப் பேருந்தை நம்பி வருவது மாணவருக்குக் கடினம். புக்கிட் பெருவாங், ஆயர் குரோ, டுரியான் துங்கால் பக்கங்களில் உள்ள கல்லூரிகளுக்கு ஆட்ட நாளில் வண்டி விட்டு, பருவம் முழுமைக்கும் ஒரு குறைந்த விலைச் சீட்டும் கொடுத்தால் அவர்கள் வருவர். பெண்கள் போகும் இடமா அது என்று கேட்கும் ஆடவர், தம் வீட்டுப் பெண்களோடு குடும்பமாகப் போனால் அது பெண்கள் போகும் இடமாகிவிடும்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு விழாவில் மேடையிலிருப்போர் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்ளும் பொன்னாடைகளுக்கும், மறுநாள் குப்பைக்குப் போகும் மாலைகளுக்கும் ஆகும் செலவில், ஒரு தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்புப் பிள்ளைகளைச் சீட்டு வாங்கி அரங்கத்துக்கு அழைத்துப் போகலாம். இலவசமாக வாங்கி அன்று. விலை கொடுத்து வாங்கி. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அவன் சீட்டை, அவள் சீட்டைத் தனித்தனியே கொடுங்கள். அதை அவர்களே வாயிலில் காட்டி உள்ளே போகட்டும். இதற்கு எவ்வளவு, இக்காசு யாருக்குப் போகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், அதட்டாமல் விவரமாகச் சொல்லுங்கள். தோட்டத்தில் அந்தக் கிழவிக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.